குடும்ப ஜெபத்தின் நீளம்: ஓர் அளவியல் ஆய்வு

ஒரு ஜெபம் எவ்வளவு நீளம் இருக்கலாம் என்பதற்கு வேதத்தில் வரையறை கிடையாது. கடலில் அமிழ்ந்துகொண்டிருந்த பேதுரு மூன்றே சொல்லில் முடித்துக்கொண்டார். ஆலயப் பிரதிஷ்டையின்போது சாலொமோன் ஏறெடுத்த ஜெபமோ 1 இராஜாக்கள் எட்டாம் அதிகாரத்தில் முப்பது வசனத்தையும் தாண்டி ஓடுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவில் எங்கோ, கனடாவின் பிராம்ப்டன் நகரில், சாயர்புரத்திலிருந்து போய்க் குடியேறிய ஒரு குடும்பத்தின் இரவு ஜெபம் இருக்கிறது. அது சாலொமோன் பக்கமாகவே ஏன் சாய்ந்துகொண்டு வருகிறது என்று காண்பதே இவ்வாய்வின் நோக்கம்.

இத்துறையில் முன்னோடிகள் இல்லை. 1841இல் இடையன்குடிக்குப் போய்ச் சேர்ந்த கால்டுவெல் ஐயர், திராவிட மொழிகளின் வேற்றுமை உருபுகளையெல்லாம் ஒப்பிட்டு 1856இல் இலக்கணம் வெளியிட்டார். தம் சபையார் சோற்றுக்கு முன்னால் எத்தனை நேரம் ஜெபித்தார்கள் என்பதை அந்த இலக்கணத்தில் சேர்க்கவில்லை. ஆங்கிலத் திருச்சபைக்கு 1549 முதலே அச்சிட்ட ஜெபப் புத்தகம் உண்டு. அதிலுள்ள சிறு ஜெபங்கள் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி, எங்கும் தொங்காது. அந்த வழியில் வந்த நெல்லைச் சபைகளும் கோயிலில் புத்தகம் பார்த்தே ஜெபிக்கின்றன. வீட்டில்தான் புத்தகம் மூடுகிறது, வாய் திறக்கிறது.

சாயர்புரத்தில் இதே குடும்பத்தின் ஜெபம் நீளமானதல்ல. ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், அப்பாவின் ஜெபம், எல்லாருமாகப் பரமண்டல ஜெபம். கொசு கடிக்கும், கரண்டு போகும், பக்கத்து வீட்டு அத்தை காபித்தூள் கேட்டு வாசலில் நிற்பாள். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஊரில் சேதி பரவ வேறு வழிகள் இருந்தன. யாருக்குச் சம்பந்தம் கூடி வந்தது, யார் வீட்டில் பங்குச் சண்டை என்பதெல்லாம் கோயில் முற்றத்திலும் பெட்டிக்கடையிலும் முடிந்துவிடும். கர்த்தரிடம் சொல்ல மிச்சம் இருந்தது மழையும் வியாதியும்தான்.

பிராம்ப்டனில் முற்றமும் இல்லை, பெட்டிக்கடையும் இல்லை. பனி கொட்டும் மாதங்களில் பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிறாரா என்பதே அவர் பனி வாரும்போதுதான் தெரியவரும். அப்பாவுக்குப் பகல் வேலை, அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் மாலை ஷிப்ட். பிள்ளைகள் இருவரையும் சேர்த்து நால்வரும் ஓரிடத்தில் கூடுவது, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் நடக்கும் ஜெபத்துக்கு மட்டும். ஆகவே கோயில் முற்றத்தின் சரக்கு முழுவதும் ஜெபத்தில் வந்து இறங்குகிறது.

"கர்த்தாவே, மூத்த பிள்ளை கணக்கில் எடுத்த மார்க்கை நீர் அறிவீர்" என்று அம்மா ஜெபிக்கிறார். கர்த்தர் அறிவார்தான். அப்பா அந்த நிமிஷம்தான் அறிகிறார். அடுத்து அப்பாவின் முறை: "ஆண்டவரே, வீண்செலவு செய்யாத இருதயத்தை எங்கள் எல்லாருக்கும் தாரும்." இங்கே ‘எங்கள் எல்லாருக்கும்’ என்ற பன்மை ஒருமையில் வந்தது, அன்று மத்தியானம் வாசலில் வந்திறங்கிய பெட்டியைக் குறித்தது என்பது உரையாசிரியர் உதவியின்றியே விளங்கும். முறைவைத்து ஜெபிப்பதால் மறுமொழிக்கும் இடமுண்டு. நன்றி சொல்ல மறந்துபோனதாக அம்மா மீண்டும் ஆரம்பித்து, "சரீரப் பிரயாசத்தோடு நாங்கள் சம்பாதிக்கிறதை ஆசீர்வதியும்" என்று முடித்தார். ‘நாங்கள்’ மேல் விழுந்த அழுத்தத்தை எழுத்தில் காட்டத் தமிழில் குறியில்லை.

இந்தப் பேச்சில் யாரும் குறுக்கிட முடியாது என்பது கவனிக்கத்தக்கது. வீட்டிலுள்ள வேறெந்தப் பேச்சுக்கும் இந்தச் சலுகை இல்லை. ஆமென் சொன்ன பிறகு, "நீ எதை வச்சு அப்படி ஜெபிச்சே?" என்று கேட்பதும் மரபில்லை. சட்டசபையில் பேசியதற்கு வெளியே வழக்குப் போட முடியாதல்லவா, அந்தப் பாதுகாப்பு இதற்கும் உண்டு. பல கிறிஸ்தவத் தம்பதியர் வெளிநாட்டில் சண்டையில்லாமல் வாழ்வதாகப் பேர் வாங்குவது இதனால்தான் என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

குடியேற்றத் துறையின் பங்கையும் சொல்லியாக வேண்டும். குடியேற விண்ணப்பிப்போரைத் தரவரிசைப்படுத்த 2015 ஜனவரியில் கனடா கொண்டுவந்த எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் மொத்தம் 1200 புள்ளி. துணையோடு விண்ணப்பிப்பவருக்கு, முப்பதுகளில் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் வயதுக்கான புள்ளியில் ஐந்து குறையும். ஊரில் பிறந்தநாள் என்றால், ஆண்டைக் கூட்டிக் கொடுத்ததற்காக விஸ்தாரமான ஸ்தோத்திரம். விண்ணப்பம் நிலுவையில் இருந்த காலத்தில் அப்பாவின் பிறந்தநாள் ஸ்தோத்திரம் சற்று அடங்கியே ஒலித்ததாக அம்மா வாக்குமூலம் அளித்துள்ளார். நிரந்தர வதிவிட அட்டை வந்ததும், அதற்கான வேண்டுதல் நீங்கி ஜெபம் அந்த அளவுக்குச் சுருங்கியிருக்க வேண்டும். சுருங்கவில்லை. காலியான இடத்தில் வீட்டுக்கடன் வட்டி வந்து உட்கார்ந்துகொண்டது.

பிள்ளைகளிடம் வருவோம். இருவருக்கும் தமிழ் அரைகுறை. ஆனால் "ஜீவனுள்ள நல்ல பிதாவே" என்ற தொடர் வந்தால் முடியப்போகிறது என்று தெரியும். கரண்டி கைக்கு வந்துவிடும். அப்பா சில நாள் "இயேசுவின் நாமத்தில்" வரை வந்து, சிங்கப்பூர்ச் சித்தப்பா ஞாபகம் வர, திரும்பிப் போய்விடுவார். அந்த நேரத்தில் பிள்ளைகள் முகத்தில் காணப்படுவதைப் பக்தி என்று வகைப்படுத்த இயலவில்லை. நடுராத்திரி வரை பவுல் பேச, ஜன்னலில் உட்கார்ந்து தூங்கி மூன்றாம் மெத்தையிலிருந்து விழுந்த ஐத்திகுவின் வம்சம் இளையவன். சோபா தாழ்வு என்பதால் சேதமில்லை. அவன் முறைக்கு ஆங்கிலத்தில் இரண்டு வரி சொல்லி எழுந்துவிடுவான். ரசம் ஆறிப்போயிருக்கும். ஆமெனுக்கு அடுத்து இந்த வீட்டில் கேட்கிற சத்தம் மைக்ரோவேவுடையது.

சனிக்கிழமை ஜெபம் தனி ரகம். அன்று சாயர்புரத்து ஆச்சி வாட்ஸப்பில் வருகிறார். அவருக்குச் சாயங்காலம் ஏழு மணி. பிராம்ப்டனில் குளிர்காலத்தில் காலை எட்டரை, கோடையில் ஒன்பதரை. ஆண்டுக்கு இரண்டு முறை கடிகாரத்தைத் திருப்புவதை ஆச்சி ஒப்புக்கொள்வதில்லை. யோசுவாவுக்காகக் கர்த்தர் சூரியனை நிறுத்தினது வாஸ்தவம், கவர்மென்ட்டுக்காக நிறுத்தினதாக எங்கும் எழுதியிருக்கவில்லை என்பது அவர் கட்சி. ஆச்சியின் ஜெபம் துபாய், மஸ்கட், சிட்னி என்று பிள்ளைகள் இருக்கும் ஊர்வரிசையில் நடக்கும். பேர் விட்டுப்போன வீட்டிலிருந்து மறுநாளே போன் வந்துவிடும். அடுத்த வாரம் அந்த வீட்டுக்குக் கூடுதலாக இரண்டு வாக்கியம். ஜெபம் நீளுவதற்கு இதுவும் ஒரு காரணம். நீக்கல் என்பதே அதில் கிடையாது, சேர்ப்புதான்.

முறையியல் பற்றி ஒரு வார்த்தை. ஜெப நேரத்தில் எல்லாரும் கண்ணை மூடியிருப்பதால், கடிகாரத்தைப் பார்க்க ஆய்வாளர் மட்டும் திறந்திருக்க வேண்டியதாயிற்று. கடைசிச் சனிக்கிழமை துபாய், மஸ்கட், சிட்னி எல்லாம் முடித்து ஆச்சி, "வந்திருக்கிற தம்பிக்கு ஜெப வேளையில் கண்ணை மூடுகிற கிருபையைத் தாரும்" என்று வேண்டிக்கொண்டார். அவருக்கு அது எப்படித் தெரிந்தது என்பது தனியே ஆராயப்பட வேண்டும்.