கன்னி ராசிக்கு ஒரு சொல்

எங்கள் வீட்டில் காலை டீ எப்போது வரும் என்பது அடுப்பைப் பொறுத்ததல்ல, சிவகாசியைப் பொறுத்தது. அம்மா எழுந்து, முகம் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு, சுவரில் தொங்கும் காலண்டரில் நேற்றைய தாளை டர்ரென்று கிழிப்பாள். ராகு காலம், எமகண்டம், சூலம் எல்லாவற்றையும் தாண்டிக்கொண்டு, அடியில் பொடி எழுத்தில் பன்னிரண்டு ராசிக்கும் பன்னிரண்டு சொல் போட்டிருக்கிற இடத்துக்கு வருவாள். தன் ராசியான கன்னிக்கு நேரே ‘லாபம்’ என்றோ ‘ஜெயம்’ என்றோ இருந்தால் ஐந்தாவது நிமிடம் டீ வரும், இஞ்சி தட்டிப் போட்டது. ‘கவலை’ என்று இருந்துவிட்டால், “காலையிலேயே நெஞ்சு படபடங்குது” என்று வாசற்படியில் உட்கார்ந்துவிடுவாள். அன்றைக்கு நானும் அப்பாவும் முக்குக் கடைக்கு நடப்போம்.

எதைப் பற்றிய கவலை என்று காலண்டர் சொல்லாது. ஒரே ஒரு சொல்தான். மிச்சத்தை அம்மா சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்துவிடுவாள்.

இதற்கெல்லாம் மூலகாரணம் எங்கள் பக்கத்து வெயில். 1922ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அச்சகம் வந்த பிறகு அதைச் சும்மா வைத்திருக்க முடியுமா? மழை பெய்யாத குறையே மூலதனம் ஆகிப்போன ஊர் அது. ஆடிப் பதினெட்டுக்குக் காவிரிக்கரைக்காரர்கள் ஆற்றுக்குப் போவார்கள். எங்கள் அர்ச்சுனா நதியில் பெருக்கெடுப்பது பெரும்பாலும் சீமைக் கருவேலம்தான். அதனால் சிவகாசியில் அன்றைக்குப் பூஜை போட்டு, அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுகிறார்கள். அதாவது, அம்மா அடுத்த மார்ச் மாதம் எந்தெந்த நாளில் கவலைப்பட வேண்டும் என்பது ஆடி மாதமே அச்சாகி முடிந்திருக்கும்.

அந்த அச்சகங்களில் ஒன்றில்தான் அம்மாவின் தம்பி, என் மாமா, புரூப் பார்க்கிறார். 365 நாளைப் பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள்: 4380 சொற்கள். ஜோசியர் எழுதிக் கொடுப்பதில் எழுத்துப் பிழை பார்ப்பதோடு மாமாவின் அதிகாரம் முடிகிறது. ‘லாபம்’ ‘லாபபம்’ ஆகிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

ஒரு முறை மாமா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது கன்னிக்குக் ‘கவலை’. அக்கா வாசற்படியில். தம்பி வந்த சந்தோஷம்கூட அவள் முகத்தில் ஏறவில்லை. மாமா காலண்டரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், டீ இல்லாமலே பஸ் ஏறிவிட்டார்.

அடுத்த ஜனவரியில் கன்னி ராசிக்கு விடிந்தது. சுகம், நட்பு, ஜெயம், மேன்மை, மறுபடி சுகம். பிப்ரவரியிலும் அப்படியே. அம்மா இருபது வயது குறைந்தவள் போல நடந்தாள். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த அரைக் கிலோ சர்க்கரையை மறந்துபோனாள். தபால்காரருக்கு மோர், கேஸ் சிலிண்டர் தூக்கி வருகிற பையனுக்கு முறுக்கு. “எனக்கு நல்ல நேரம் நடக்குது, நாலு பேருக்குக் குடுத்தா என்ன?” என்பாள். மருந்துக் கடையில் வாங்குவதுகூடக் குறைந்தது என்று அப்பா கணக்குச் சொன்னார். (அப்பா சொல்லும் கணக்கு எதையும் நான் முழுதாக நம்புவதில்லை.)

ஆனால் கன்னி என்பது அம்மா ஒருத்திக்கான ராசியா? ஊரில் பன்னிரண்டில் ஒருவராவது அதில் இருப்பார்களே. அவர்களில் எங்கள் வீட்டுக்காரரும் ஒருவர். ஒரு நாள் காலை ஏழு மணிக்கே வாசலில் நின்றார். வாடகை கொடுக்கப் பத்து நாள் இருந்தது.

“இன்னைக்கு எனக்கு ‘வரவு’ன்னு போட்டிருக்கு தம்பி. உங்க வீட்டைத் தவிர வேற எங்கிருந்து வரப்போகுது?”

கொடுத்தேன். மறுநாள் அவருக்கு ‘மேன்மை’. வாடகையை உயர்த்துவது பற்றிப் பேசினார்.

மாமாவைச் சொல்லிக் குற்றமில்லை. சின்ன உபகாரத்தை மொத்த வியாபாரக் கணக்கில் செய்கிற பழக்கம் எங்கள் விருதுநகருக்குப் பழசு. க்ஷத்திரிய வித்யாசாலா பள்ளி பிடி அரிசியில் நடந்த பள்ளி. உலை வைக்கும்போது வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். அதைச் சேர்த்துத்தான் பிள்ளைகளுக்குச் சம்பளமில்லாப் படிப்பு. காமராஜர் படித்தது அங்கேதான். முதலமைச்சரான பிறகு அவர் 1956ல் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, ஒரு பிடியின் மதிப்பு அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வீட்டிலேயே சின்னக் கை யாருக்கோ அவளைத்தான் பிடி அள்ளச் சொல்வார்கள் என்று எங்கள் ஆச்சி சொல்வாள். ஆனாலும் அள்ளாமல் விட்டதில்லை.

மாமாவும் 4380 அரிசியில் ஒரு பிடிதான் அள்ளியிருந்தார். அள்ளியதை எங்கே போட்டார் என்பதுதான் எனக்குச் சந்தேகம். ஒரு ராசியில் எடுத்த கவலையை வேறு எங்கேயாவது வைத்துத்தானே ஆகவேண்டும்?

ஆனி மாதம் ஒரு நாள் கேட்டே விடுவதென்று சிவகாசிக்குப் பஸ் ஏறினேன். நிற்கத்தான் இடம். உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, “குடுங்க இப்படி” என்று என் பையைப் பிடுங்காத குறையாக வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அவர் மடியில் ஏற்கெனவே அவருடைய தூக்குச்சட்டி, யாரோ ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் பை, மூன்றாவது ஒருவரின் கீரைக்கட்டு. டிக்கெட் காசு பத்துக் கை மாறிக் கண்டக்டரிடம் போய், பத்துக் கை மாறிச் சில்லறையோடு வந்தது. ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

“எங்கம்மா, ஆபீஸுக்கா?” என்று கேட்டேன். எங்கள் பக்கத்தில் தீப்பெட்டி செய்கிற இடமும் ஆபீஸ், பட்டாசு செய்கிற இடமும் ஆபீஸ். மேஜை நாற்காலி போட்ட ஆபீஸுக்குப் போகிறவன்தான் விளக்கிச் சொல்ல வேண்டும்.

“ஆமாய்யா. பயர் ஆபீஸு.”

நகக்கண்ணில் வெள்ளிப் பவுடர், தேய்த்தும் போகாதது. இவர் என்ன ராசியோ, எதுவானாலும் இன்றைக்குச் ‘சுகம்’ என்று போட்டிருக்க வேண்டுமே என்று நினைத்துக்கொண்டேன். திருத்தங்கலில் என் பையை அடுத்த மடிக்கு மாற்றி வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

மாமா மறைக்கவில்லை. “கன்னியில இருந்த கவலை, நஷ்டம், பகை எல்லாத்தையும் தனுசுக்கு மாத்திட்டேன் மாப்ளே.”

“மாமா, நான் தனுசு.”

“தெரியும். நீதான் காலண்டரே பாக்குறதில்லையே! பாக்காதவனுக்குக் கவலை போட்டா யாருக்கு என்ன நட்டம்?”

“தனுசுல நான் ஒருத்தன்தானா?”

மாமா இதை யோசித்திருக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, அடுத்த வருஷத்துக் கவலைகளைப் பன்னிரண்டு ராசிக்கும் சமமாகப் பிரித்து, முடிந்தவரை ஞாயிற்றுக்கிழமைகளில் போடுவதாக ஒப்புக்கொண்டார். ஜோசியருக்குத் துரோகமில்லையா என்று கேட்டதற்கு, “கிரகம் கோவிச்சுக்கிட்டா வீடு தேடி வராது. அக்கா வந்துருவா” என்றார். நான் என் பங்குக்கு ஒரே ஒரு விண்ணப்பம் வைத்தேன்: கன்னிக்கு ‘வரவு’ மட்டும் வேண்டாம்.

புது வருஷத்துக் காலண்டர் வந்தது. முன்பெல்லாம் ஒரு நாளைக்கு ஒரு தாள் பார்க்கிற அம்மா, இந்த முறை முழுக் கட்டையும் மடியில் வைத்துக்கொண்டு டிசம்பர் வரைக்கும் புரட்டினாள். நான் இஞ்சி டீயை உறிஞ்சிக்கொண்டு பக்கத்தில் இருந்தேன்.

“உங்க மாமனுக்குக் கண்ணாடி மாத்தணும்டா” என்றாள் அம்மா. “எனக்கு ஒரு ‘வரவு’கூடப் போடாம விட்டுட்டான்.”