செடி பிழைக்காத மூலை

கேள்வி: மதிலோரம் வெயில் படாத மூலையில் எந்தச் செடியும் பிழைப்பதில்லை. சிலை, சித்திரம் என்று வைத்தால் தோட்டம் பொம்மைக் கடையாகிவிடாதா?

பதில்: வெயில் வராத இடத்துக்கு, வெயில் கேட்காத விருந்தாளியைத்தானே அழைக்க வேண்டும்! சண்டிகரில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், கட்டடம் கட்டத் தடையுள்ள காட்டுப் பள்ளத்தில், உடைந்த வளையலையும் பீங்கான் கழிவையும் வைத்தே ரகசியமாகச் சிற்பங்கள் செய்தார். அரசு நிலம் என்று இடித்துத் தள்ளியிருக்கலாம். ஆனால் 1976இல் அதைப் பொதுப் பூங்காவாகவே திறந்தார்கள். 1984இல் அவருக்குப் பத்மஸ்ரீயும் கிடைத்தது. பளபளப்பான பீங்கான் சில்லு, கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் திருப்பி வீசும். இருண்ட மூலைக்குத் தேவை அதுதான். அவர் ஏராளமாக வைத்தாரே என்பீர்கள். அவருக்கு ஏக்கர் கணக்கில் இடம். உங்களுக்கு ஒரு மூலை, ஒரே ஒரு உருவம் போதும். பொம்மைக் கடையாவது எண்ணிக்கையால்தான், கலையால் அல்ல. சுடுமண் குதிரை வைத்தால் ஈரத்தில் பாசி படரும்; அதைச் சுரண்டிவிடாதீர்கள், அந்த மூலை தானாகத் தரும் பசுமை அது. முதலில் மதிலுக்குச் சுண்ணாம்பு அடியுங்கள், பிறகு சில்லுகளைப் பதியுங்கள். பிளாஸ்டிக் பூ மட்டும் வேண்டவே வேண்டாம்.