பூனைத் தலை முத்திரை

நோபல் பார்க்கில் எங்கள் வீட்டுச் சாமி அறையைவிடச் சுத்தமான இடம் ஒன்று உண்டு: மகனின் கண்ணாடி அலுமாரி. உள்ளே பத்து சென்ரிமீற்றர் உயரத்தில், உடம்புக்கு ஒவ்வாத பெரிய தலையோடு நெண்டோரொய்ட் பொம்மைகள். தயாரிப்பு நின்றுபோனவையாம். நின்றுபோனதற்குத்தான் விலை கூட.

போன சனிக்கிழமை டிராகன் பால் பொம்மை ஒன்று பார்சலில் வந்தது. பொம்பிளை பார்க்க வந்த மாமியைப் போல அவன் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். தோயி நிறுவனத்தின் பூனைத் தலை ஸ்டிக்கர் இருக்கிறதா? (அந்தப் பூனையின் பெயர் பேரோ, 1969இல் வந்த படத்துக் கதாநாயகன். அதையும் நான் கேட்டுத் தொலைத்திருக்கிறேன்.) பிறகு உள்ளே: தோல் எண்ணெய் வைத்ததுபோல மினுங்குதா, கண் மை கோட்டைத் தாண்டுதா, மூட்டு பொருந்துதா, பெயின்ற் மணக்குதா.

"அப்பா, இது கள்ளக் கொப்பி."

மனைவி காப்பில் 916 தேடுவதும் இதே பக்தியோடுதான். அவளை ஒருவரும் பைத்தியம் என்றதில்லை.

எனக்கு வாய் திறக்க வழியில்லை. எண்பதுகளில் யாழ்ப்பாணத்து ரெக்கோடிங் பாரில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்து, வெறும் கசெற்றில் பதிந்து வாங்கிக் கேட்டு வளர்ந்த காது இது. இளையராஜாவுக்கு ஒரு சதம்கூடப் போயிருக்காது.

அதில் ஒரு கசெற் இன்னும் லாச்சிக்குள் கிடக்கிறது. மகன் எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"இது இப்ப வாறதில்லைத்தானே அப்பா? என்ன விலைக்குப் போகும்?"