தனிவண்டியார்

“குரூப் டூரெல்லாம் நமக்குச் சரிப்படாதுங்க. காலையில எட்டு மணிக்கு பஸ்ல ஏறு, பத்து நிமிஷத்துல போட்டோ எடு, விசில் ஊதினா ஓடி வா... மனுஷன் லீவுல போறானா, என்.சி.சி. கேம்புக்குப் போறானா?”

இப்படி ஒருவர் சொன்னால் அவர்தான் தனிவண்டியார் என்று அடையாளம் கண்டுகொள்ளலாம். டிசம்பர், ஜனவரி மாதங்களில் அந்தமான் தீவுகளில் இவர் ஏராளமாகக் காணக் கிடைப்பார். வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். பயணத்துக்கென்றே வாங்கிய அரைக்கால் சட்டை, அதன் மேல் ஆபீஸ் பெல்ட், காலில் சாக்ஸோடு செருப்பு. கூடவே மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், பிளஸ் ஒன் மகன், “தனியா எப்படி விட்டுட்டு வர்றது” என்று அழைத்துவரப்பட்ட அம்மா. இவர்கள் அத்தனை பேருக்கும் முன்னால், நாள் முழுவதற்கும் பேசி எடுத்த ஒரு வெள்ளைக் கார்.

தனி வண்டி எடுப்பதே சுதந்திரத்துக்காகத்தான். நினைத்த இடத்தில் நிற்கலாம், நினைத்த நேரம் கிளம்பலாம். இந்தச் சுதந்திரத்தைத் தனிவண்டியார் மூன்று மாதத்துக்கு முன்பே எக்செல்லில் கட்டம் கட்டிப் பூட்டிவிடுவார். 9.30 பரத்பூர் கடற்கரை. 10.30 நேச்சுரல் பிரிட்ஜ். 11.10 முதல் 11.20 வரை பாத்ரூம். 11.20 இளநீர். அதை பி.டி.எஃப். ஆக்கிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருப்பார். யாரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். அம்மாவிடம் இருப்பது பட்டன் போன் என்பதால் அவருக்கு மட்டும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருப்பார். அந்த அம்மா அதில்தான் முறுக்கை மடித்து வைத்திருப்பார்.

இவரை முழு உருவத்தில் தரிசிக்க வேண்டுமானால் நீல் தீவுக்குப் போக வேண்டும். போர்ட் பிளேரிலிருந்து கடல்வழியாகச் சுமார் 40 கிலோமீட்டர். இப்போது இரண்டு ஊருக்குமே பெயர் மாறிவிட்டது. 2018 டிசம்பரில் நீல் தீவு ஷஹீத் த்வீப் ஆனது, 2024-ல் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. பழைய பெயருக்கு உரிய நீல் துரை நமக்கு ரொம்பத் தெரிந்தவர்தான். 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கிய இந்த ராணுவ அதிகாரிக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை வைத்திருந்தார்கள். அதை அகற்றச் சொல்லி 1927-ல் சத்தியாக்கிரகம் நடந்தது. 1937-ல் ராஜாஜி ஆட்சிக்கு வந்த பிறகுதான் சிலை இடம் பெயர்ந்து மியூசியத்துக்குள் போனது. இதெல்லாம் பி.டி.எஃப்பில் வராது. வரலாறு ஒரு ‘பாயின்ட்’ அல்ல, அதன் முன்னால் நின்று போட்டோ எடுக்க முடியாது.

நீல் தீவு மிகச் சின்னது. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகளாக வந்த வங்காளிகளைக் குடியமர்த்திய தீவு இது. ஊர்களுக்கு ராமாயணப் பெயர்கள்: ராம்நகர், சீதாபூர், பரத்பூர், லட்சுமண்பூர். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் காரில் கால் மணி நேரம், வழியில் மாடு படுத்திருந்தால் இருபது நிமிடம். படகுத்துறையிலிருந்து பரத்பூர் கடற்கரைக்குப் பேசிக்கொண்டே நடந்துவிடலாம். இப்படிப்பட்ட தீவில் ஒருவர் காரை நாள் வாடகைக்கு எடுத்தால் என்ன ஆகும்? கார் நிற்கும். காலையில் நிற்கும், மத்தியானம் நிற்கும், சாயங்காலமும் நிற்கும்.

இதுதான் தனிவண்டியாரின் தீராத வேதனை. பரத்பூரில் குடும்பமே முழங்கால் தண்ணீரில் நின்று கூச்சல் போடும். கடல் அங்கே கரையோரம் வெளிர்பச்சை, கொஞ்சம் தள்ளி நீலம். தனிவண்டியார் மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணுக்கு மேல் கையை வைத்து, மரத்தடியில் நிற்கும் வண்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளே டிரைவர் சீட்டைச் சாய்த்துவிட்டுத் தூங்குவார்.

“பாரு, நாம குடுக்குற காசுல தூங்குறான்.”

“ஏங்க, அவன் தூங்குனா உங்களுக்கு என்ன? வாங்க, தண்ணி எவ்ளோ நல்லா இருக்கு.”

“இல்லடி, வண்டி சும்மா நிக்குது.”

மனக்கணக்கும் இதற்கிடையே ஓடும். மொத்த வாடகையைப் பார்க்கும் இடங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பாயின்ட்டுக்கு எவ்வளவு விழுகிறது? நாலு பாயின்ட் என்றால் கட்டுப்படியாகாது. ஆகவே டிரைவரை எழுப்பி, “பையா, இன்னும் என்ன இருக்கு?” என்பார். அந்த வங்காளிப் பையன் பாதி இந்தியிலும், தமிழ்ச் சுற்றுலாக்காரர்களிடம் பொறுக்கிய தமிழிலுமாக, “அவ்ளோதான் சார்” என்பான். தனிவண்டியார் நம்ப மாட்டார். எல்லா ஊரிலும் டிரைவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்பது அவருடைய உறுதியான கருத்து. கடைசியில் கடைத்தெருவும் ஒரு பாயின்ட் ஆகும். கத்தரிக்காய்த் தோட்டமும் ஒரு பாயின்ட். இந்தத் தீவு போர்ட் பிளேருக்கே காய்கறி அனுப்பும் ஊர் என்று பையன் பெருமையாகச் சொல்வான். இவர் இறங்கிப் போய் விலை கேட்டு, கோயம்பேட்டோடு ஒப்பிட்டு, வாங்காமல் திரும்புவார்.

அந்த ஐந்து நிமிடப் பயணத்துக்கும் ஏ.சி. முழு வேகத்தில் ஓடும், கண்ணாடி மேலே ஏறியிருக்கும். கடல்காற்று வெளியே சும்மா வீசிக்கொண்டிருக்கும், அதற்கு வாடகை கொடுக்கவில்லை அல்லவா?

கண்ணாடி அடிப்பக்கம் வைத்த படகில் ஏறியதும் அவருக்கு அடுத்த சந்தேகம் வரும். கீழே பவளப்பாறைகள் தெரியும். சில இடங்களில் அழகுதான், பல இடங்களில் சாம்பல் படிந்த மாதிரி இருக்கும். 2010-ல் கடல் சூடேறியதில் அந்தமான் பவளங்கள் பெருமளவு வெளுத்துப்போயின. பவளம் என்பது உயிர், அதற்கு நிறம் கொடுக்கும் நுண்பாசி வெப்பம் தாங்காமல் வெளியேறினால் எலும்புக்கூட்டின் வெள்ளைதான் மிஞ்சும். தனிவண்டியாரின் விசாரணை இந்தத் திசையிலேயே போகாது.

“யூடியூப்ல கலர் கலரா காட்டினானே?”

படகுக்காரர் சிரிப்பார்.

“எக்ஸ்ட்ரா குடுத்தா கலர் இருக்குற எடத்துக்குக் கூட்டிட்டுப் போவாங்க போல” என்று மகனிடம் ரகசியமாகச் சொல்வார்.

ஆனால் இவருடைய உண்மையான எதிரி யார் என்றால், சந்திரன். லட்சுமண்பூர் பக்கம் அலை அரித்துக் குடைந்த பாறை வளைவு ஒன்று இருக்கிறது. அதுதான் நேச்சுரல் பிரிட்ஜ். வங்காளிக் குடியேறிகள் அதற்கு வைத்த செல்லப்பெயர் ஹவுரா பாலம். கடல் உள்வாங்கினால்தான் பாறைமேல் நடந்து அங்கே போக முடியும். கடலோ ஒரு நாளில் இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை இறங்கும், அந்த நேரமும் தினம் ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப்போகும். பி.டி.எஃப். எப்போதும் 10.30 என்றே சொல்லும்.

“சார், இப்ப பானி ஃபுல். ரெண்டு மணிக்கு மேல போலாம்.”

“இல்லப்பா, நம்ம ப்ளான்ல பத்தரை.”

“சார், சமுந்தர்...”

“அதெல்லாம் தெரியும். ஷேர் வண்டியில வந்தா காத்திருக்கலாம். நாங்க தனி வண்டி எடுத்திருக்கோம்ல? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லு.”

யாரிடம் சொல்ல வேண்டும் என்பதுதான் பையனுக்குப் புரியாது. அவன் நல்ல பிள்ளை. வேலைக்குப் புதிதாக வந்தபோது இதற்குப் பதில் சொல்லப் பார்த்திருப்பான். இப்போது பேசாமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்க் காட்டுவான். தனிவண்டியார் இடுப்பில் கை வைத்துக் கடலைப் பார்ப்பார். கடல் பாறை மட்டத்துக்கு மேலே இருக்கும். ஏஜென்டுக்கு போன் போடுவார், சிக்னல் இருக்காது. திரும்பிப் போய், மறுபடி மத்தியானம் வருவார்கள். வண்டி அன்றைக்கு அதிகம் ஓடியது இதில்தான், அந்த அளவில் அவருக்குக் கொஞ்சம் நிம்மதி.

மத்தியானம் வந்து பார்த்தால் அங்கே ஈரோட்டிலிருந்து குரூப்பில் வந்த கூட்டம் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கும். அவர்களுடைய ஆள் கடல் இறங்கும் நேரம் தெரிந்து கூட்டிவந்திருப்பார். அவர்கள் காலையெல்லாம் தண்ணீரில் கிடந்து, மீன் குழம்புச் சாப்பாட்டை ஒரு கட்டு கட்டிவிட்டு, இப்போது பாறைக் குழியில் நண்டு பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதில் ஒரு பெரியவர், “நீங்க தனியாவா வந்தீங்க? பாவம்” என்று வேறு சொல்லிவிடுவார்.

உள்ளூர் வழிகாட்டி ஒருவர் குழிக்குள் கை காட்டி, இது கடல் அட்டை, இது நட்சத்திர மீன் என்று சொல்லிக்கொண்டு போவார். தனிவண்டியார் எல்லாவற்றுக்கும் கேட்பது ஒரே கேள்விதான்: “இதைச் சாப்பிடலாமா?”

இங்கேதான் மனைவி கிளை விட்ட வெள்ளைப் பவளத்துண்டு ஒன்றைக் குனிந்து எடுப்பார். உள்ளங்கை அகலம், மேலெல்லாம் ஊசி குத்தினது போலப் பொடிப் பொடி ஓட்டைகள். புடவைத் தலைப்பால் மண்ணைத் துடைத்து, தூக்கிப் பார்த்து, “கொலு பார்க்குல குளத்துப் பக்கத்துல வெச்சா எவ்ளோ நல்லா இருக்கும்” என்பார். வழிகாட்டி ஓடி வந்து கையை ஆட்டுவார். பவளம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில், புலியோடு சேர்ந்து இருக்கிறது. கரையில் செத்து ஒதுங்கியதையும் எடுத்துப்போகக் கூடாது, விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து பார்த்து வாங்கிக்கொள்வார்கள். தனிவண்டியாருக்கு இது அந்த நிமிடம்வரை தெரியாது. அடுத்த நிமிடம் பார்க்க வேண்டுமே!

“நான் அப்பவே சொன்னேன்ல? ஆக்ட் இருக்கு. படிச்சவங்க நாமளே இப்படிப் பண்ணலாமா?”

“எப்பங்க சொன்னீங்க?”

“பி.டி.எஃப்ல இருக்கு.”

யாரும் அதைத் திறந்ததில்லை என்பதால் இந்த வாதத்துக்கு எதிர்வாதம் கிடையாது.

அம்மாவை விட்டுவிட்டேனே. அந்த அம்மா பரத்பூரிலேயே வண்டியில் ஏற மறுத்துவிட்டிருப்பார். “நீங்க போய் எல்லாத்தையும் பாத்துட்டு வாங்கடா, நான் இப்படியே ஒக்காந்திருக்கேன்.” இளநீர்க்கடை வங்காளி மூதாட்டிக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு வங்காளம் தெரியாது. சாயங்காலம் அழைத்துப்போக வரும்போது அந்த மூதாட்டிக்கு எத்தனை பேரன், மூத்த மருமகள் எப்படிப்பட்டவள், தேங்காய் மொத்த விலை என்ன என்பதெல்லாம் அம்மா சொல்வார். முறுக்குக் காகிதம் மூதாட்டியிடம் போய்ச் சேர்ந்திருக்கும். ஆகக் கடைசியில் அந்த பி.டி.எஃப்பை முழுதாகப் பிரித்துப் பார்த்தவர் தீவிலேயே அவர் ஒருவர்தான்.

பி.டி.எஃப்பின் கடைசி வரி: 6.00, லட்சுமண்பூர், சன்செட். மெரினா சூரியனை மனதில் வைத்துப் போட்ட நேரம் அது. இந்தியக் கடிகாரம் ஓடுவது 82.5 டிகிரி தீர்க்கரேகைக் கணக்கில், நீல் தீவு இருப்பது 93-ல். ஒரு டிகிரிக்கு நாலு நிமிடம் வைத்தாலே நாற்பது நிமிடம் ஆயிற்று. டிசம்பர் மாதத்தில் அங்கே ஐந்து மணியை ஒட்டிச் சூரியன் கடலில் இறங்கிவிடும். பையன் நாலு மணியிலிருந்தே “சார், சன்செட், சன்செட்” என்று சொல்லிக்கொண்டுதான் இருப்பான். “டைம் இருக்குப்பா” என்று சீதாபூருக்கு வண்டியைத் திருப்பச் சொல்லியிருப்பார் இவர். அது சூரிய உதயம் பார்க்கும் கடற்கரை. பட்டியலில் விட்டுப்போன பாயின்ட் என்பதால், அஸ்தமன வேளையில் போய் அங்கே கிழக்குப் பார்த்து நின்று ஐவரில் நால்வர் போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

லட்சுமண்பூருக்கு வந்து சேரும்போது இருட்டியிருக்கும். ஈரோட்டுக் கூட்டம் மணலைத் தட்டிக்கொண்டு எதிரே வரும். அந்தப் பெரியவர் தம் போனில் எடுத்த அஸ்தமனத்தைக் காட்டி, “அனுப்பட்டுங்களா?” என்று கேட்பார். தனிவண்டியார் நம்பரைக் கொடுப்பார். மறுநாள் அவருடைய ஸ்டேட்டஸில் இருப்பது அந்தப் படம்தான்.

ராத்திரி ஓட்டல் அறையில் உட்கார்ந்து மதிப்புரை எழுதுவார். டிரைவருக்கு ஐந்து நட்சத்திரம், மனசு நல்ல மனசு. தீவுக்கு மூன்று. காரணம் ஒரே வரி: “இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்திருக்கலாம்.”

நீல் தீவுக்குப் போகிறவர்கள் ஒரு வாடகை சைக்கிளோ, தேவைப்பட்ட நேரத்துக்கு ஒரு ஆட்டோவோ எடுத்தால் தாராளம். கடல் எப்போது இறங்கும் என்று படகுத்துறை டீக்கடையில் கேட்டுக்கொள்ளுங்கள், டிசம்பர் என்றால் நாலரை மணிக்கெல்லாம் லட்சுமண்பூர் போய்விடுங்கள். வழியில் வெள்ளைக் கார் ஒன்று பக்கத்தில் வந்து நின்று, கண்ணாடி இறங்கி, “எங்க போறீங்க? ஏறுங்க, வண்டி சும்மாதான் இருக்கு” என்று யாராவது அன்பாகக் கூப்பிட்டால், நடக்கச் சொல்லி டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று சொல்லிவிடுங்கள்.