ராத்திரி ஜெபமும் காலைக் கையெழுத்தும்

கே: துபாயில் வேலை வந்திருக்கிறது. போகலாமா வேண்டாமா என்று ஒரு மாதமாக ராத்திரி முழங்கால் போடுகிறேன். பதிலே வரவில்லை. (வாசகர், மார்த்தாண்டம்)

ப: விசாவுக்குப் போட்டோ எடுத்தாயிற்றா? ஆயிற்று என்றால் நீங்கள் வழி கேட்கவில்லை, வழியனுப்பி வைக்கச் சொல்கிறீர்கள். தப்பில்லை, அதையே வாய்விட்டுச் சொல்லுங்கள். "ஆண்டவரே, போக ஆசை, அம்மாவை விட்டுப் போகப் பயம்." ஒரு மாதம் சுற்றி வளைத்ததைவிட இந்த ஒரு வரியில் விஷயம் அதிகம். பயம் வெளியே வந்துவிட்டால் அம்மாவுக்கு யார் துணை, கடன் எவ்வளவு, ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதெல்லாம் தானே வரிசை கட்டும். ஏஜென்ட்டை நீங்கள்தான் விசாரிக்க வேண்டும். அதற்குத் தேவதூதன் வரமாட்டான்.

கே: கண்ணை மூடி வேதத்தைத் திறந்து, விரல் படுகிற வசனத்தைப் பதிலாக எடுத்துக்கொள்ளலாமா? (வாசகி, நாசரேத்)

ப: 1 நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரமும் பெரும்பாலும் பெயர்ப் பட்டியல். விரல் அங்கே பட்டால் பேரனுக்குப் பெயர் கிடைக்கும், மனை வாங்க வழி கிடைக்காது. அகஸ்டின் அப்படித்தானே மனம் திரும்பினார் என்பீர்கள். 386இல் மிலான் தோட்டத்தில் அவர் பவுலின் நிருபத்தைத் திறந்தது உண்மைதான். ஆனால் பல வருஷம் படித்து, வாதாடி, தானும் அழுது தாய் மோனிக்காவையும் அழவைத்த பிறகல்லவா அந்தத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்? அங்கே கண்ணில் பட்ட, ஒழுக்கமாக வாழச் சொல்லும் வரி அவருக்குப் புதுச் சேதியும் இல்லை. இன்னொன்று, தினமும் புழங்குகிற வேதம் தையல் தளர்ந்த இடத்தில்தான் பிளக்கும். உங்கள் வீட்டில் அது 23ஆம் சங்கீதம் அல்லது 91ஆம் சங்கீதம் என்று பந்தயம் கட்டுகிறேன். (கிறிஸ்தவன் பந்தயம் கட்டலாமா என்று அடுத்த கேள்வி அனுப்பவேண்டாம்.)

கே: மகளுக்கு மூன்று வரன். பெயர்களை எழுதி, ஜெபம் பண்ணி, சீட்டெடுக்கலாம் என்கிறார் என் மாமியார். அப்போஸ்தலர்களே சீட்டுப் போட்டார்களாமே? (வாசகி, பாளையங்கோட்டை)

ப: போட்டார்கள், யூதாசின் இடத்துக்கு மத்தியா பெயர் வந்தது. ஆனால் அதற்கு முன்னாலேயே ஆட்களைச் சலித்தாயிற்று. ஆரம்பம் முதல் கூடவே இருந்தவன் வேண்டும் என்று பேதுரு தகுதி சொல்கிறார். அது பொருந்திய இருவருக்குத்தான் சீட்டு. பிறகு பெந்தெகொஸ்தே நாள் வந்தது. அதற்கப்புறம் அப்போஸ்தலர் நடபடிகள் புத்தகம் முடியும்வரை அவர்கள் சீட்டுப் பக்கமே போகவில்லை.

கல்யாணச் சீட்டுக்கு மெதடிஸ்ட் இயக்கத்தின் தகப்பன் ஜான் வெஸ்லியைக் கேளுங்கள். 1737இல் அவர் அமெரிக்காவில் சவன்னா ஊரில் போதகர். சோஃபி ஹாப்கி என்ற பெண்மேல் ஆசை. ஊழியம் கெடுமோ என்று கிலி. நண்பரோடு சேர்ந்து ஜெபம் பண்ணி மூன்று சீட்டு எழுதினார்கள்: கல்யாணம் செய், இந்த வருஷம் நினைக்காதே, இனி நினைக்கவே நினைக்காதே. மார்ச் 4ஆம் தேதி எடுத்தார்கள். வந்தது மூன்றாவது. 12ஆம் தேதி அந்தப் பெண் வேறொருவரை மணந்துகொண்டாள். ஸ்தோத்திரம் சொல்லி ஒதுங்கியிருக்க வேண்டியவர், ஆகஸ்டில் அவளுக்கு ராப்போஜனம் கொடுக்க மறுத்தார். புருஷன் வழக்குப் போட்டான். வருஷக் கடைசியில் வெஸ்லி இங்கிலாந்துக்குக் கப்பலேற வேண்டியதாயிற்று. சீட்டு அவருடைய ஆசையைத் தீர்க்கவுமில்லை, ஆற்றவுமில்லை.

அது கிடக்கட்டும். உங்கள் மாமியாரின் மூன்று துண்டுக் காகிதத்தில் மகளுடைய விருப்பம் எதில் எழுதியிருக்கிறது?

கே: வெஸ்லி அப்புறம் கல்யாணமே செய்யவில்லையா? (வாசகர், மதுரை)

ப: செய்தார், 1751இல். சரிப்பட்டு வரவில்லை, மனைவி பிரிந்து போனார். இதைப் பாளையங்கோட்டை மாமியாரிடம் சொல்லிவிடாதீர்கள். "பார்த்தாயா, சீட்டே மேல்" என்பார்.

கே: கிதியோனைப் போல அடையாளம் கேட்கிறேன். "நாளை பத்து மணிக்குள் ஃபோன் வந்தால் சரி என்று எடுத்துக்கொள்வேன்" என்று ஜெபிப்பது சரியா? (வாசகர், கோவை)

ப: ஃபோன் நிச்சயம் வரும். பெர்சனல் லோன் வேண்டுமா என்று கேட்பார்கள். கிதியோனுக்குச் செய்யவேண்டியது முன்பே தெளிவாகச் சொல்லப்பட்டாயிற்று. ஒருநாள் களத்தில் போட்ட ஆட்டுத்தோல் மட்டும் நனையட்டும், மறுநாள் தரை மட்டும் நனையட்டும் என்று அவன் கேட்டது பயத்தில். கோபித்துக்கொள்ளாதேயும் என்று கெஞ்சிக்கொண்டேதான் கேட்கிறான்.

கே: சீட்டும் வேண்டாம், அடையாளமும் வேண்டாம் என்றால் ராத்திரி ஜெபத்தில் என்னதான் செய்வது? (வாசகி, திருச்சி)

ப: லயோலா கல்லூரிப் பெயரில் ஓர் ஊர் இருக்கிறதே, அந்த ஊர்க்காரர் இஞ்ஞாசியாரிடம் போவோம். அவரும் ஒருகாலத்தில் முடிவைக் கழுதையிடம் விட்டவர்தான். 1522இல் வழியில் சந்தித்த இஸ்லாமியர் ஒருவர் மரியாளைப் பற்றிச் சொன்னது பொறுக்கவில்லை. துரத்திப்போய்க் குத்துவதா, விடுவதா? ஏறிவந்த கோவேறு கழுதையின் கடிவாளத்தைத் தளரவிட்டார். அந்த ஆள் போன ஊர்ப்பக்கம் திரும்பினால் குத்து. நெடுஞ்சாலையிலேயே போனால் விட்டுவிடு. நல்லவேளை, அன்று கழுதைக்கு விவேகம் இருந்தது. இதைப் பிற்காலத்தில் அவரே ஒளிக்காமல் சொல்லிவைத்தார்.

அவருடைய உண்மையான முறை அதற்கு முந்தின வருஷம் படுக்கையில் கிடைத்தது. பாம்ப்லோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்து கிடந்தார். ஒரு சீமாட்டிக்காகச் சாகசம் செய்வதாகக் கற்பனை பண்ணினால் அப்போதைக்கு இனிக்கும், பிறகு மனம் வறண்டுவிடும். புனிதர்களைப் போல வாழ்வதாக நினைத்தால் சந்தோஷம் பிறகும் தங்கும். ருசி எது, தங்குவது எது என்று பார்க்கப் பழகினார். 1548இல் அச்சான 'ஆன்மிகப் பயிற்சிகள்' இதிலிருந்து முளைத்தது.

ஆகவே விளக்கணைக்குமுன் பத்து நிமிஷம் உட்காருங்கள். முதலில் நன்றி. பிறகு காலையிலிருந்து அந்த நாளை ஓட்டிப் பாருங்கள். இந்த விஷயத்தை யாரிடம் பேசியபோது நெஞ்சு லேசாயிற்று? யார் கேட்டபோது பேச்சை மாற்றினீர்கள்? எங்கே ஒரு சின்னப் பொய் சொன்னீர்கள்? பழைய டைரியில் இரண்டு வரி குறித்துவையுங்கள். சில நாள் போனதும் திருப்பிப் பார்த்தால் ஒரே பெயரோ ஒரே சாக்கோ திரும்பத் திரும்ப வந்திருக்கும். இஞ்ஞாசியாரின் இன்னொரு யோசனை, முன்பின் தெரியாத ஒருவர் இதே சிக்கலோடு வந்தால் என்ன சொல்வீர்களோ அதை நீங்கள் செய்யுங்கள் என்பது. மனம் இருண்டு கிடக்கும்போது, தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதே என்றும் கண்டிப்பாகச் சொல்கிறார். பதினொன்றரை மணிக்கு ராஜினாமா மெயில் அனுப்பத் துடிப்பவர்களுக்கு இது. டைப் பண்ணுங்கள், அனுப்புவது காலையில்.

கே: ஜெபிக்கும்போதே தூங்கிவிடுகிறேனே! (வாசகர், தூத்துக்குடி)

ப: கெத்செமனேயில் மூன்று சீடர்கள் உங்களுக்கு முன்னோடிகள். சாகவேண்டும் என்று எலியா சூரைச்செடியின் கீழ் படுத்தபோதும் தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், எலியா சாப்பிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டார். தூங்குங்கள்.

கே: ஜெபித்துத்தான் கூட்டு வியாபாரம் தொடங்கினேன். கூட்டாளி பணத்தோடு போய்விட்டான். அப்போது ஜெபம் பொய்யா? (வாசகர், சென்னை)

ப: பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுக்குமுன் இயேசு ராமுழுக்க மலையில் ஜெபித்தார் என்கிறார் லூக்கா. அந்தப் பன்னிரண்டில் யூதாசும் உண்டு. பணப்பையும் அவனிடம்தான் இருந்தது. போலீஸில் புகார் கொடுத்தீர்களா?

கே: முடிவெடுத்துவிட்டுப் பிறகு ஜெபிப்பது ஆண்டவரை ஏமாற்றுவது ஆகாதா? (வாசகி, யாழ்ப்பாணம்)

ப: ஜெர்மன் போதகர் டீட்ரிக் போன்ஹாஃபர் 1939 ஜூனில் நியூயார்க் வந்தார். ஹிட்லரின் பிடிக்கு வெளியே, கையில் வேலை. மனம்தான் ஒட்டவில்லை. ஜூன் 20இல் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பவுல் தீமோத்தேயுவைக் குளிர்காலம் வருமுன் புறப்பட்டு வரச் சொல்லும் இடம் 26ஆம் தேதி தற்செயலாகக் கண்ணில் பட்டது. நாள் முழுக்க அவரை விடவில்லை. ஜூலையில் கப்பலேறினார். 1945 ஏப்ரலில் நாஜிகள் அவரைத் தூக்கிலிட்டார்கள். முடிவு முந்தி, வசனம் பிந்தி; இதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன்.

ஏமாற்று என்றால் பிலேயாம் செய்தது. இஸ்ரவேலைச் சபிக்கப் போகாதே என்று தெளிவாகப் பதில் வந்த பிறகு, பெரிய மனிதர்கள் பெரிய சன்மானத்தோடு வந்ததும், "ராத்திரி தங்குங்கள், இன்னொருமுறை கேட்டுச் சொல்கிறேன்" என்றானே, அது.

கே: குடும்ப ஜெபத்தில் அப்பா சத்தமாக, "ஆண்டவரே, இவள் பி.எட். சேர மனதை மாற்றும்" என்கிறார். எனக்கு ஃபேஷன் டிசைனிங் படிக்கவேண்டும். (வாசகி, நாகர்கோவில்)

ப: ஆண்டவர் பெயருக்கு எழுதி உங்களுக்கு நகல் போட்ட மனு அது. நீங்களும் எதிர்ஜெபம் பண்ணி வழக்கை மேலே கொண்டுபோகாதீர்கள். பாய் விரித்த இடத்திலேயே பேசித் தீர்க்கிற விஷயம். எருசலேமில் அப்போஸ்தலர்களும் மூப்பர்களும் காரசாரமாக வாதாடி முடித்தபிறகுதான், பரிசுத்த ஆவியின் பெயரையும் தங்கள் பெயரையும் சேர்த்துப் போட்டுக் கடிதம் எழுதினார்கள். ஆமென் சொல்லி அப்பா ரிமோட்டைத் தேடுவதற்குள், ஃபீஸ் எவ்வளவு, படித்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று எழுதிய தாளை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அம்மாவை முந்தின நாளே உங்கள் பக்கம் இழுத்து வைத்துக்கொள்ளுங்கள்.