மலை சுற்றும் ஊரில் சிற்றிதழ் நடத்துவது எப்படி?

முதலில் பெயர். நோக்கம், ஆசிரியர் குழு, பணமெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பெயர் தேடி நம் முன்னோடிகள் அரிச்சுவடி வரைக்கும் போயிருக்கிறார்கள். 1959-இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ என்று வைத்தார். 1970-இல் வந்தவர்கள் ‘கசடதபற’ என்று வல்லினம் ஆறையும் ஒரேயடியாக வளைத்துப் போட்டார்கள். சேலத்திலிருந்து ‘அஃக்’ வந்தது, பிறகு ‘ழ’வும் போயிற்று. ‘ங’ ஒருவேளை காலியாக இருக்கலாம், விசாரித்துக்கொள்ளுங்கள். திருவண்ணாமலைக்காரர் என்பதால் ‘தீபம்’ என்று கை பரபரக்கும். அதை நா. பார்த்தசாரதி 1965-லேயே எடுத்துக்கொண்டார். ‘அண்ணாமலை’, ‘அருணாசலா’ இரண்டும் வேண்டவே வேண்டாம். பௌர்ணமிக்கு ரூம் இருக்கிறதா என்று கேட்டுப் போன் வரும்.

அடுத்தது தலையங்கம். வெகுஜனப் பத்திரிகைகளை ஒரு பத்தியாவது திட்டியாக வேண்டும், அது மரபு. ஆனால் அவர்கள் கண்ணில் அது படாது. பக்கத்து ஊர்ச் சிற்றிதழைத் திட்டினால் மறுநாளே பதில் வரும், உங்களுக்கும் ஒரு வாசகர் இருப்பது ஊர்ஜிதமாகும்.

அட்டையின் மூலையில் ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று போட மறக்காதீர்கள். பத்திரிகைப் பதிவுக்கு வெள்ளைக்காரன் 1867-இல் போட்ட சட்டம் போய் 2023-இல் புதுச் சட்டமே வந்துவிட்டது. அட்டையில் அந்த வரி மட்டும் அசையவில்லை. அது எவ்வளவு தூரம் தாங்கும் என்று வக்கீலிடம் கேட்கப் போகாதீர்கள். அவருடைய ஃபீஸில் நாலு இதழ் போட்டுவிடலாம்.

உள்ளே என்ன போடுவது? இந்த ஊரில் அதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. 1902-இல் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற ரெவின்யூ உத்தியோகஸ்தர் மலையேறிப் போய், பேசாமல் இருந்த ரமணரிடம் வரிசையாகக் கேள்வி கேட்டார். பதில்கள் மணலிலும் சிலேட்டிலும் துண்டுச் சீட்டிலும் எழுத்தாக வந்தன. ‘நான் யார்?’ என்று அது சிறு புத்தகமானது 1923-இல். இடையில் இருபத்தொரு வருஷம். உங்கள் கவிஞர்களோ கவிதையை வாட்ஸப்பில் அனுப்பிய கையோடு, ‘எந்தப் பக்கத்தில் வருகிறது தோழர்?’ என்பார்கள். எல்லோருக்கும் ஒரே பதிலை வைத்துக்கொள்ளுங்கள்: ‘பரிசீலனையில் இருக்கிறது.’ போட்டியை நினைத்தும் பயப்பட வேண்டாம். ரமணாசிரமத்திலிருந்து ‘மவுண்டன் பாத்’ வருகிறது, 1964-இல் ஆர்தர் ஆஸ்பார்ன் தொடங்கியது. ஆனால் அறுபது வருஷம் தாண்டியும் நிற்காமல் வரும் இதழைச் சிற்றிதழ் இலக்கணத்தில் எப்படிச் சேர்ப்பது?

அச்சு வேலைக்கு வருவோம். சைக்ளோஸ்டைல் மெஷின் காலாவதியாகிவிட்டது. அழகான கையெழுத்துக்காரர் ஒரே பிரதி எழுதி, படித்தவர் அடுத்தவருக்குக் கைமாற்றிவிடும் கையெழுத்துப் பத்திரிகை நல்ல வழக்கம்தான், ஆனால் மூன்றாவது வீட்டோடு அது திரும்பி வராது. ஆகவே ஜெராக்ஸ். ஒரு ஏ4 தாள் போதும், அதில் எட்டுப் பக்கம் கிடைக்கும். தாளைப் படுக்கைவாக்கில் வைத்து நெடுக்கில் ஒரு மடிப்பு, குறுக்கில் இரண்டு மடிப்பு. விரித்தால் மேலே நான்கு, கீழே நான்கு கட்டம். கீழ் வரிசையில் இடமிருந்து பின்னட்டை, முன்னட்டை, இரண்டு, மூன்று. மேல் வரிசையில் ஏழு, ஆறு, ஐந்து, நான்கு; இந்த வரிசை முழுக்கத் தலைகீழாக. நடுக்கோட்டில், நடுவிலுள்ள இரண்டு கட்டங்களின் நீளத்துக்கு மட்டும் கத்தரியுங்கள். மறுபடி நெடுக்கில் மடித்து இரண்டு ஓரத்தையும் உள்ளே தள்ளினால் வெட்டிய இடம் வாய் திறந்து, அப்படியே புத்தகமாகப் படிந்துவிடும். பின் வேண்டாம், பசை வேண்டாம்.

சிக்கல் ஜெராக்ஸ் கடையில்தான். “சார், மேல பாதி தலைகீழா இருக்கு, திருப்பி வெச்சுக் குடுத்துடட்டா?” என்பார் கடைத் தம்பி. அவருக்கு நல்ல மனசு. அவசரமாகத் தடுங்கள். அடுத்து, மெஷின் ஓடும் நேரத்தில் ஒரு தாளைக் கையில் எடுத்துப் படிப்பார். பட்டா நகலும் ஆதார் நகலும் பார்த்தே கண் பழகியவர் என்பதால், உங்கள் முதல் வரியிலேயே ஒற்றெழுத்து விட்டுப்போனதைக் காட்டிவிடுவார். முதல் வாசகர், முதல் விமர்சகர், பிழைதிருத்துநர் மூவரும் அவரே. காசு வாங்காமல் அவருக்கு ஒரு பிரதி கொடுங்கள்.

இனி விநியோகம். பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் ஜனம் வருகிறதே, ஐந்நூறு பிரதி அடித்துக் கிரிவலப் பாதையில் நின்றால் என்ன என்று தோன்றும். எல்லாருக்கும் தோன்றியதுதான். நடப்பவர் கையில் தண்ணீர் பாட்டில், செல்போன், போதாததற்கு மனை விற்பனை நோட்டீஸும் ஜாதக நோட்டீஸும். இந்திர லிங்கத்தருகே நீங்கள் கொடுத்த பிரதி, யம லிங்கம் வருவதற்குள் விசிறியாகி, ஈசான்ய லிங்கத்தில் சூடான பொங்கல் தொன்னைக்கு அடியில் கிடக்கும். செல்லப்பா இதை முன்பே தெரிந்துவைத்திருந்தார். ‘எழுத்து’ இரண்டாயிரம் பிரதிக்கு மேல் அச்சிடப்படாது என்று அறிவித்துவிட்டு, புத்தக மூட்டையைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போனார். மனைவியின் நகையும் அதில் போயிற்று என்பார்கள். அந்த அத்தியாயத்தை மட்டும் நீங்கள் பின்பற்ற வேண்டாம்.

நாற்பது பேர் பெயரை ஒரு நோட்டில் எழுதுங்கள். அதுதான் உங்கள் வாசகர் உலகம், நாற்பத்தொன்றாவது ஆள் தானாக வந்து கேட்கட்டும். தபாலை நம்ப முடியாது. சிற்றிதழ்களுக்குக் கட்டுப்படியான பதிவுப் புத்தக அஞ்சலை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். அடுத்த வருஷம் பதிவுத் தபாலும் ஸ்பீடு போஸ்டில் கரைந்தது. பத்து ரூபாய் இதழை அதில் அனுப்பினால், தபால் செலவுக்கு இதழை இலவச இணைப்பாகக் கொடுத்த கதை. எனவே கிளாம்பாக்கம் பஸ் ஏறும் நண்பர் கையில் சென்னைக் கட்டைத் திணியுங்கள். உள்ளூர்ப் பிரதிகளைக் கலை இலக்கிய இரவுக்கு எடுத்துப் போங்கள். அங்கே எவரும் பத்து ரூபாய் இல்லாதவரில்லை, ஆனாலும் ‘காம்ப்ளிமென்டரி காப்பி இல்லையா தோழர்?’ என்றே கை நீளும். முகத்தைப் பார்க்காமல் விலையைச் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது இதழ் தாமதமாகும். அப்போது ‘இதழ் 2–3’ என்று போட்டுவிடுங்கள், கௌரவமாக இருக்கும். ஆறு மாதமாகிவிட்டால் ‘2–4’ என்று போட்டுச் சிறப்பிதழ் ஆக்குங்கள். நின்றே போனாலும் வெட்கமில்லை. லண்டனில் மார்க் பெர்ரி என்ற பேங்க் கிளார்க் 1976-இல் ஜெராக்ஸிலேயே ஆரம்பித்த ‘ஸ்னிஃபின் க்ளூ’ இதழ், பிரதிகள் ஆயிரக்கணக்கில் போய்க்கொண்டிருந்தபோதே மறுவருஷம் மூடப்பட்டது. மூடியதை நீங்கள் அறிவிக்க மட்டும் வேண்டாம். ஆண்டுச் சந்தா கட்டியவர் தேரடி வீதியில் எதிரே வந்தால் பக்கத்துத் தெருவுக்குள் புகுந்துவிடலாம், இந்த ஊரில் சந்துக்குப் பஞ்சமில்லை. பௌர்ணமியன்று மட்டும் கிரிவலப் பாதைப் பக்கம் போகாதீர்கள். எல்லாரும் ஒரே திசையில் நடப்பார்கள், அவர் பதினாலு கிலோமீட்டரும் கூடவே வருவார்.