பாலத்துக்கு எத்தனை மார்க்?

கேள்வி: ஒரு பாலம் எந்த ஆண்டு விழும் என்று சாஃப்ட்வேர் சொல்லிவிடுமாமே? (ஈரோட்டு வாசகர்)

பதில்: சொல்லாது. ஆயிரம் பாலம் இருந்தால், பத்து ஆண்டில் ஏறக்குறைய எத்தனை பாலம் மோசமாகும், அதற்கு எந்த ஆண்டு எவ்வளவு பணம் எடுத்துவைக்க வேண்டும் என்று சொல்லும். ஆயிரத்துக்குச் சொன்னதை உங்கள் ஊர்ப் பாலத்தின் தலையில் கட்டினால் ஏமாந்துபோவோம்.

கேள்வி: அதை மட்டும் எப்படிக் கணக்குப் போடுகிறது? (வேலூர்)

பதில்: மார்க்கை வைத்து. 1967 டிசம்பர் 15 அன்று அமெரிக்காவில் ஒஹாயோ ஆற்றின் மேலிருந்த சில்வர் பாலம் இடிந்து 46 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே நாடு முழுக்கப் பாலங்களை முறைவைத்து ஆய்வு செய்வது கட்டாயமானது. ஆய்வாளர் நேரில் போய் மேல்தளம், அதைத் தாங்கும் உத்திரம், கீழே நிற்கும் தூண் எனத் தனித்தனியாக 9 முதல் 0 வரை மார்க் போடுவார். 9 என்றால் புத்தம் புதிது. 4-க்கு வந்தாலே 'மோசம்'.

இப்படிப் பல ஆண்டு மார்க் சேர்ந்தால், 6-ல் இருந்த பாலங்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு எத்தனை 5-க்கு இறங்கின என்று தெரிந்துவிடும். பத்து என்று வைத்துக்கொள்வோம். இன்று 6-ல் நிற்கும் நூறு பாலம் அடுத்த ஆண்டு 90 ஆகும், அதற்கடுத்த ஆண்டு 81, ஏழாம் ஆண்டில் 48. இறங்கிவிட்ட 52-ஐ ஒரு பாலத்தின் ரிப்பேர் செலவால் பெருக்கினால் பட்ஜெட் கையில் இருக்கும். ரஷ்யக் கணித மேதை மார்க்கோவின் பெயரால் இதை மார்க்கோவ் சங்கிலி என்பார்கள். 1990-களில் அமெரிக்காவில் வந்த 'பாண்டிஸ்' என்ற மென்பொருள் இதன் மேல்தான் நின்றது. இந்தக் கணக்கில் ஒரு குறையும் உண்டு. நேற்று 6-க்கு வந்த பாலமும் பத்து ஆண்டாக 6-லேயே கிடக்கும் பாலமும் இதற்கு ஒன்றுதான்.

கேள்வி: இதனால் எங்காவது பணம் மிச்சமானதுண்டா? (சேலம்)

பதில்: அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் மிச்சமானது. 1980-ல் நெடுஞ்சாலைத் துறை இதே கணக்கைச் சாலைகளுக்குப் போட்டுப் பார்த்தது. முற்றிலும் பெயர்ந்த பிறகு கனமாகத் தார் போடுவதைவிட, கெட ஆரம்பிக்கும்போதே மெல்லிய அடுக்கு போடுவது மலிவு என்று விடை வந்தது. அப்படியே செய்தார்கள். சாலைகளின் தரம் குறையாமல் முதல் ஆண்டிலேயே 1.4 கோடி டாலர் மிச்சம்.

கேள்வி: புதுச் சாலைகூடச் சீக்கிரம் குழிவிழுவது ஏன்? (நாமக்கல் லாரி உரிமையாளர்)

பதில்: பல காரணங்கள் உண்டு. உங்கள் தொழில் சம்பந்தப்பட்டதை மட்டும் சொல்கிறேன். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சோதனைச் சாலைகள் போட்டு, இரவு பகலாக லாரி ஓட்டிப் பார்த்தார்கள். அச்சின் மேல் பாரம் இரட்டித்தால் சாலைக்குச் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு ஆகிறது என்று தெரிந்தது. ஓவர்லோடைத் தயவுசெய்து மறுத்துவிடுங்கள்.

கேள்வி: இவ்வளவு கணக்கு வைத்திருந்தும் அமெரிக்காவில் பாலம் விழுகிறதே? (மதுரை)

பதில்: இதைத்தான் கேட்க வேண்டும். 2022 ஜனவரி 28 அதிகாலை, பிட்ஸ்பர்க் நகரில் பனி படிந்திருந்தது. ஒரு பூங்காவின் பள்ளத்தாக்கைக் கடக்கும் ஃபெர்ன் ஹாலோ பாலம் ஒரு பேருந்தோடும் சில கார்களோடும் அப்படியே கீழே போனது. யாரும் சாகவில்லை. அந்த நேரத்தில் போக்குவரத்து குறைவு என்பதால் தப்பித்தார்கள்.

அந்தப் பாலம் 2011 முதலே 'மோசம்' பட்டியலில் இருந்தது. ஆய்வுகள் விடாமல் நடந்தன. அதன் எஃகு, மேலே படியும் மெல்லிய துருவே காப்பாக நிற்கும் வகையைச் சேர்ந்தது. நனைந்து நனைந்து காய்ந்தால்தான் அந்தக் காப்பு உருவாகும். இங்கே மழைநீர் வடிகால்கள் இலை தழையால் அடைத்துக்கொண்டன. பனியை உருக்கச் சாலையில் கொட்டிய உப்போடு தண்ணீர் பாலத்தின் கால்களின் மேல் வழிந்து, அடியில் குப்பையோடு தேங்கியது. எஃகு காயவே இல்லை, அரித்துக்கொண்டே போனது. 2018-லேயே பூங்காவில் நடந்துபோன ஒருவர், துருப்பிடித்து அறுந்திருந்த குறுக்குத் தாங்கியைப் படமெடுத்து நகராட்சிக்கு அனுப்பியிருந்தார். வடிகாலைச் சுத்தம் செய்யுங்கள், அரித்த இடத்தைச் சரிசெய்யுங்கள் என்று ஆய்வறிக்கைகள் திரும்பத் திரும்பச் சொல்லியும் நகராட்சி செய்யவில்லை; அதுவே முதன்மைக் காரணம் என்று அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2024-ல் தீர்ப்புச் சொன்னது. புதுப் பாலத்துக்குச் சுமார் 2.5 கோடி டாலர் ஆனது. இலையை அள்ள ஆகும் கூலியை அதோடு வைத்துப் பாருங்கள், எனக்கு வயிறு எரிகிறது. முன்கணிப்பு தோற்ற இடமல்ல அது. கையில் அறிக்கை இருந்தும் ஆளும் பணமும் அனுப்பாமல் விட்ட இடம்.

கேள்வி: அப்படியானால் கணிப்பு தோற்பதே இல்லையா? (கோவை மாணவி)

பதில்: தோற்கும். 2007 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸில் நெடுஞ்சாலைப் பாலம் இடிந்து 13 பேர் இறந்தார்கள். உத்திரங்களை இணைக்கும் கஸ்ஸெட் தகடுகள் அரை அங்குலம்தான் இருந்தன. இருந்திருக்க வேண்டிய கனம் ஒரு அங்குலம். 1960-களில் வரைபடம் போடும்போதே நடந்த பிழை அது. தேய்மானத்தைக் கணிக்கும் மென்பொருள், பாலம் சரியாகக் கட்டப்பட்டது என்று நம்பித்தான் தொடங்குகிறது. படிப்பு முடிந்து இந்த வேலைக்கு வந்தால், பழைய வரைபடத்தையும் எடுத்துச் சரிபார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: நம் நாட்டில்? (திருநெல்வேலி)

பதில்: 2016 ஆகஸ்டில் மகாராஷ்டிராவின் மகாட் அருகே சாவித்ரி ஆற்று வெள்ளத்தில் பிரிட்டிஷ் காலப் பாலம் பேருந்துகளோடு போனது. அதே ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு இந்தியப் பால மேலாண்மை அமைப்பைத் தொடங்கி, பாலங்களுக்கு அடையாள எண் கொடுத்து நிலையைப் பதிவு செய்தது. நல்ல தொடக்கம். ஆனால் ஒருமுறை போட்ட மார்க்கால் கணிப்பு வராது. அதே பாலத்துக்கு அடுத்தடுத்த மார்க் வேண்டும்.

கேள்வி: ஏஐ வந்த பிறகு ஆய்வாளர் எதற்கு? (சென்னை)

பதில்: ஏஐக்குப் பாடம் சொல்லித்தர. பாலத்தடியில் இறங்காமல் ஆபீசில் உட்கார்ந்து போட்ட மார்க்கைக் கொடுத்தால், ஏஐயும் அதையே கற்றுக்கொள்ளும்.

கேள்வி: சாதாரண ஜனங்கள் நாங்கள் என்ன செய்வது? (கும்பகோணம்)

பதில்: மழை நின்றதும் உங்கள் பாலத்துக்குப் போங்கள். மேலே தண்ணீர் தேங்கியிருந்தால் வடிகால் குழாய் அடைத்திருக்கலாம். படமெடுத்துப் புகார் கொடுங்கள். பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் இரண்டே கேள்வி: கடைசி ஆய்வு எப்போது நடந்தது? அதில் சொன்ன வேலைகளில் எவை முடிந்தன? மனுவுக்குக் கட்டணம் பத்து ரூபாய்தான்.